எஷு பிசாசு ஆன கதை

யொருபா மொழி விவிலியத்தில் மத்தேயு நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தைத் திறந்தால், வனாந்தரத்தில் இயேசுவைச் சோதிக்க வருபவனின் பெயர் எஷு. கல்லை அப்பமாக்கு என்று சொல்பவன் அவன். உயரத்திலிருந்து குதித்துக் காட்டு என்று தூண்டுபவனும் அவன்தான். தேவாலயத்தில் இதைக் கேட்டு வளர்ந்த யொருபாக் குழந்தைக்கு எஷு என்றால் பிசாசு, அவ்வளவுதான். ஆனால் அந்தக் குழந்தையின் முன்னோர்கள் அதே எஷுவுக்கு வாசலில் ஒரு செம்புரைக் கல்லை நட்டு, அதன் மேல் பாமாயில் ஊற்றிக் கும்பிட்டார்கள். வழியைத் திறந்து விடு என்று வேண்டினார்கள். குழந்தை பிறந்தால் 'எஷு தந்த பிள்ளை' என்ற பொருளில் எஷுபியி என்று பெயரும் வைத்தார்கள்.

ஒரே பெயர். ஒரு காலத்தில் குழந்தைக்கு வைத்த பெயர், இன்னொரு காலத்தில் வாயில் சொல்லக் கூசும் பெயர். இடையில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டுமானால், யொருபா மக்கள் தீமை என்பதை எப்படிப் புரிந்து வைத்திருந்தார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

யொருபா மக்கள் நைஜீரியாவின் தென்மேற்கிலும் அதை ஒட்டிய பெனின், டோகோ நாடுகளிலும் வாழ்பவர்கள். நான்கு கோடிக்கும் மேற்பட்டவர்கள். இஃபே, ஓயோ, இபாதான், லாகோஸ் எல்லாம் இவர்களுடைய ஊர்கள். இன்று பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்லது முஸ்லிம்கள். பழைய சமயத்தை மட்டும் பின்பற்றுபவர்கள் சிறு தொகையினர். அந்தப் பழைய சமயத்துக்கு எழுதிய வேதம் கிடையாது. இஃபா என்ற குறி சொல்லும் முறையும், அதன் 256 பிரிவுகளில் வாய்மொழியாக வரும் ஆயிரக்கணக்கான பாடல்களும் கதைகளும்தான் அதன் வேதம். அவற்றை மனப்பாடமாக வைத்திருக்கும் பூசாரிக்கு பாபலாவோ என்று பெயர், 'ரகசியத்தின் தந்தை' என்று பொருள். அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் பாஸ்கம் 1937-38இல் இஃபேயில் தங்கிச் சேகரித்ததும், யொருபா அறிஞர் வாண்டே அபிம்போலா பிற்காலத்தில் தொகுத்ததும்தான் இந்த விஷயத்தில் பலரும் நம்பிப் படிப்பவை.

இந்தக் கதைகளின்படி உலகத்தில் இரண்டு பக்கங்கள் உண்டு. வலப்பக்கம் 401 ஒரிஷாக்கள், அதாவது தெய்வங்கள். இடப்பக்கம் 201 அஜோகுன்கள். அஜோகுன் என்றால் போர் தொடுப்பவர்கள் என்று சொல்லலாம். மனிதர்களுக்கு எதிராக ஓயாமல் படையெடுப்பவர்கள். (நானூறு, இருநூறு என்று முழு எண்ணாக நிறுத்தாமல் ஏன் ஒன்றைக் கூட்டினார்கள்? புதிதாக ஒருவர் வந்து சேர எப்போதும் இடம் இருக்கிறது என்பதற்காகத்தான் என்று விளக்குகிறார் அபிம்போலா. புதுப்புது துன்பங்கள் வந்துகொண்டேதானே இருக்கின்றன!)

அஜோகுன்களில் எட்டுப் பேர் தலைவர்கள். முதலாவது இக்கு, மரணம். பிறகு நோய், இழப்பு, பக்கவாதம், வம்பு வழக்கு, சாபம், சிறை, கடைசியாகப் பலவகைக் கேடு. இந்தப் பட்டியலைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். கொலை, களவு, பொய் என்று மனிதன் செய்யும் பாவங்கள் எதுவும் இதில் இல்லை. மனிதனுக்கு நேரும் துன்பங்கள்தான் இருக்கின்றன. மரணத்துக்கும் நோய்க்கும் பக்கத்தில் சிறை தனியாக உட்கார்ந்திருக்கிறது. ஆட்களைப் பிடித்துச் சங்கிலி போட்டு கடற்கரைக்கு நடத்திச் சென்று விற்ற ஒரு பிரதேசத்தில், கட்டுண்டு கிடப்பதும் சாவுக்கு இணையான துன்பம் என்று நினைத்ததில் வியப்பில்லை.

இன்னொன்று. இந்த இடப்பக்கப் படைக்கு ஒரு சக்கரவர்த்தி கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே ஓலொடுமாரே என்ற முழுமுதற் கடவுள் இருக்கிறார். ஆனால் அவருக்கு எதிராகக் கலகம் செய்து விழுந்த ஒருவன் இந்தக் கதைகளில் இல்லை. அஜோகுன்கள் கடவுளின் எதிரிகள் அல்லர், மனிதர்களுக்குத்தான் எதிரிகள். வலப்பக்கத்து ஒரிஷாக்களும் முழு நல்லவர்கள் அல்லர். ஷாங்கோ கோபித்தால் இடி விழும்.

அஜோகுன்களுக்கும் அவரவர் நியாயம் உண்டு. மரணம் ஏன் மனிதரைக் கொல்கிறான் என்பதற்கு ஓயெக்கு மெஜி என்ற இஃபா பகுதியில் ஒரு கதை வருகிறது. இக்குவின் தாய் எஜிக்போமெக்குன் என்ற சந்தைக்குப் போனாள். அங்கே மனிதர்கள் அவளை அடித்துக் கொன்றுவிட்டார்கள். செய்தி கேட்ட இக்கு கதறிக்கொண்டு ஆயுதத்தைத் தூக்கினான். அன்றிலிருந்துதான் கொலை. கடைசியில் அவனுடைய மனைவியைப் பிடித்து, அவன் எதையெல்லாம் உண்ண மாட்டான், எதைத் தின்றால் கை நடுங்கும் என்ற ரகசியங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அவனைச் சற்றே அடக்கினார்களாம். மரணம் கூட தாயை இழந்த ஒரு மகன்! இப்படிப்பட்டவனோடு சண்டை போடலாம், ஏமாற்றலாம், கெஞ்சலாம், ஈடு கொடுத்து அனுப்பலாம். அடியோடு ஒழிப்பது பற்றிய பேச்சே இல்லை.

சரி, இரண்டு பக்கத்துக்கும் நடுவில் யார்? அங்கேதான் எஷு நிற்கிறான்.

எஷுவின் இடம் நாற்சந்தியும் சந்தையும் வீட்டு வாசலும். எங்கெல்லாம் மனிதர் ஒரு பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறதோ அங்கெல்லாம் அவன். ஒரிஷாக்களோடும் பேசுவான், அஜோகுன்களோடும் பேசுவான். மனிதன் படைக்கும் பலி (எபோ என்பார்கள்) எந்தத் தெய்வத்துக்கானாலும் அதைக் கொண்டு சேர்ப்பவன் எஷு. அதனால் அவனுக்கு முதல் பங்கு. பாபலாவோவின் குறிப்பலகையில் மேல் விளிம்பில் செதுக்கியிருக்கும் முகமும் அவனுடையதுதான். பலி கொடுத்தவன் பக்கம் நின்று அஜோகுன்களை விலகச் சொல்வான். கொடுக்காதவனுக்கு வரவேண்டியது வந்து சேர விட்டுவிடுவான். சுங்கச் சாவடியில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். அவ்வப்போது குறும்பும் செய்யும் அதிகாரி.

அந்தக் குறும்புக்குப் புகழ்பெற்ற உதாரணம் தொப்பிக் கதை. அடுத்தடுத்த வயல்களில் உழுத இரண்டு நண்பர்கள். உயிருக்குயிரானவர்கள். ஆனால் எஷுவுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க மறந்துவிட்டார்கள். ஒருநாள் எஷு ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் வெள்ளையுமான தொப்பி போட்டுக்கொண்டு இரண்டு வயலுக்கும் நடுவே வரப்பில் நடந்து போனான். கறுப்புத் தொப்பிக்காரனைப் பார்த்தாயா என்றான் ஒருவன். கறுப்பா, வெள்ளையல்லவா என்றான் மற்றவன். பேச்சு முற்றி அடிதடியில் முடிந்தது. (சொல்பவரைப் பொறுத்து நிறம் மாறும், சண்டை மட்டும் மாறாது.) இதில் எஷு பொய் சொல்லவில்லை. யாரையும் அடிக்கவும் இல்லை. இருவரும் கண்டது உண்மை, பாதி உண்மை. அதையே முழுதாக எண்ணியதுதான் சண்டைக்குக் காரணம். தீமை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இதைவிடக் கூர்மையான பதிலைப் பல தத்துவ நூல்களில் தேடினாலும் கிடைக்காது.

துன்பம் வந்தவன் நேரே பாபலாவோவிடம் போவான். என்ன பிரச்சினை என்று அவர் கேட்பதில்லை. வந்தவன் தன் குறையை ஒரு காசிடமோ சோழியிடமோ முணுமுணுத்து வைத்துவிடுவான். பாபலாவோ பதினாறு பனங்கொட்டைகளையோ, கொட்டைகள் கோத்த சங்கிலியையோ கொண்டு குறி பார்ப்பார். முதலில் வருவது நல்லதா கெட்டதா? கெட்டது என்றால் எந்தக் கெட்டது: மரணமா, நோயா, சண்டையா, பொருள் இழப்பா? யார் மூலம்? என்ன கொடுத்தால் விலகும்? ஒவ்வொன்றாகக் கேட்டு வடிகட்டிக்கொண்டே போவார். 'ஏன் எனக்கு மட்டும்?' என்று கலங்கி வந்தவன், வீட்டுக்குத் திரும்பும்போது செய்வதற்கு ஒரு வேலையோடு திரும்புவான். ஒரு கோழி, கொஞ்சம் எண்ணெய், சில சோழிகள். உடைந்த பானை ஓட்டில் வைத்து நாற்சந்தியில் விட்டு வர வேண்டும்.

ஆனால் எல்லாத் துன்பத்துக்கும் வெளியிலிருந்து ஒருவன் வர வேண்டியதில்லை. தவறு தலையிலேயே இருக்கலாம். யொருபா மொழியில் 'ஓரி' என்றால் தலை. ஊழ் என்ற பொருளும் அந்தச் சொல்லுக்கே உண்டு. தலையெழுத்து, தலைவிதி என்று தமிழில் புழங்குபவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. தலையெழுத்தை எவனோ எழுதுகிறான். ஓரியை மனிதன் தானே போய்த் தேர்ந்தெடுக்கிறான், பிறப்பதற்கு முன்பு, விண்ணுலகில்.

அந்தத் தலைகளைச் செய்யும் குயவன் பெயர் அஜாலா. அவன் கைவினையில் குறையில்லை, பொறுப்பில்தான் குறை. கடன்காரன். கடன் கொடுத்தவர்கள் வாசலில் வந்து கத்தும்போது பரணில் ஏறி ஒளிந்துகொள்பவன். அவன் சூளையில் சரியாக வெந்த தலைகளும் உண்டு, அரைவேக்காட்டுத் தலைகளும் உண்டு, விரிசல் விட்டவையும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி பளபளக்கும்.

மூன்று நண்பர்கள் பூமிக்குப் புறப்பட்ட கதையை இஃபா சொல்கிறது. ஒருவன் போர்த் தெய்வம் ஓகுனின் மகன், இன்னொருவன் இஜாவின் மகன், மூன்றாமவன் குறியின் தெய்வமான ஒருன்மிலாவின் மகன் அஃபுவாப்பே. வழியில் எங்கும் நிற்காமல் நேரே அஜாலா வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். முதல் இருவரும் அப்படியே போனார்கள். அஜாலா வீட்டில் இல்லை. காத்திருக்கப் பொறுமையில்லாமல் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த தலைகளைத் தாங்களே எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். வழியில் மழை பிடித்தது. சரியாக வேகாத மண் என்ன ஆகும்? கரைந்தது. பூமியில் வந்து இறங்கும்போது தலையில் பாதி இல்லை. அதன் பிறகு வாழ்நாள் முழுக்க என்ன உழைத்தாலும், சம்பாதிப்பதெல்லாம் கரைந்த தலையை அடைக்கவே சரியாக இருந்தது.

அஃபுவாப்பே தந்தையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றான். அங்கே குறி பார்த்து, உப்பும் சோழிப் பணமும் படைக்கச் சொன்னார்கள். படைத்ததில் ஒரு பங்கைக் கையோடு கொண்டுபோனான். அஜாலா வீட்டுக்கு வழி கேட்கப் போன இடத்தில் ஒரு வாயிற்காவலன் சாம்பலைப் போட்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தான். இவன் கொஞ்சம் உப்பை எடுத்துக் குழம்பில் போட்டான். அதுவரை உப்பையே ருசித்திராத காவலன் உருகிப் போய், அஜாலாவின் கடன் விவகாரத்தை எல்லாம் சொல்லி, கடனை நீ கட்டிவிடு, அவனே நல்ல தலையைக் காட்டுவான் என்று யோசனை சொன்னான். அப்படியே நடந்தது. பரணிலிருந்து இறங்கிய அஜாலா இரும்புக் கம்பியால் ஒவ்வொரு தலையாகத் தட்டிப் பார்த்து, கணீர் என்று ஒலித்த ஒன்றை எடுத்துக் கொடுத்தான். சந்தையில் பானை வாங்குபவர்கள் தட்டிப் பார்ப்பது போலத்தான். மழை பெய்தது, அந்தத் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது, கெட்ட தலை கிடைத்தவர்கள் பாவிகள் அல்லர் என்பது. சொன்ன சொல்லை மீறாமல் நேரே போனவர்களே அவர்கள்தான். நின்றவனுக்கு நல்லது நடந்தது. கஷ்டப்படுகிறவனைப் பார்த்து 'நீ என்ன பாவம் செய்தாயோ' என்று கேட்க இதில் இடமில்லை. அதே சமயம் தலை சரியில்லை என்று கை கட்டி உட்காரவும் விடுவதில்லை. தலைகளெல்லாம் கூடிக் கூட்டம் போட்டு, கால்களை அழைக்க மறந்ததால் போட்ட திட்டம் எதுவும் நடக்காமல் போன கதையும் உண்டு. 'எசே' என்றால் கால். முயற்சிக்கும் அதுதான் சொல். நல்ல தலை வாய்த்தாலும் கால் நடந்தால்தான் ஊர் போய்ச் சேர முடியும்.

எல்லாம் இப்படி இதமான கதைகள் அல்ல. அபிகு என்ற நம்பிக்கை மனதைப் பிசையக் கூடியது. சாவதற்கென்றே பிறக்கும் குழந்தை என்பது அந்தச் சொல்லின் பொருள். ஒரே தாய்க்குப் பிள்ளைகள் அடுத்தடுத்து பிறந்து இறந்தால், அத்தனையும் வேறு வேறு பிள்ளைகள் அல்ல, ஒரே பிள்ளைதான் வந்து வந்து போகிறது என்று நம்பினார்கள். விண்ணுலகில் அதற்கு விளையாட்டுத் தோழர்கள் இருக்கிறார்களாம். இன்ன நாளில் திரும்பி வருவேன் என்று அவர்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வருகிறதாம். அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு வைத்த பெயர்களே ஒரு தனி இலக்கியம். மாலொமோ: இனி போகாதே. பஞ்சோக்கோ: என்னோடு உட்கார். துரோசின்மி: இருந்து என்னை அடக்கம் செய். கொசோகோ: மண்வெட்டி இல்லை, குழி தோண்ட முடியாது, அதனால் செத்துவிடாதே! 1845 முதல் 1851 வரை லாகோஸை ஆண்டு, பிரிட்டிஷ் கடற்படையின் குண்டுவீச்சில் அரியணையை இழந்த மன்னரின் பெயர் கொசோகோ. ஒரு தாயின் பயம் அரசனின் பெயராக வரலாற்றில் நின்றுவிட்டது.

பெயரோடு நிற்காமல், இறந்த குழந்தையின் உடலில் வெட்டியும் சுட்டும் அடையாளம் வைப்பார்கள். மறுபடி பிறந்தால் கண்டுபிடிப்பதற்கு. இல்லையென்றால் தோழர்கள் அருவருத்து ஏற்காமல் போவதற்கு. இதை நியாயப்படுத்த எதுவும் இல்லை. ஆனால் அதன் பின்னால் இருந்த அனுபவம் கற்பனை அல்ல. உலகிலேயே அரிவாள் செல் சோகை நோய் மிக அதிகமாக உள்ள நாடு நைஜீரியா. தாய் தந்தை இருவரும் அந்த மரபணுவைச் சுமந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தைக்கு அந்த நோய் வர. பெற்றோருக்கு வெளியில் ஒரு குறையும் தெரியாது. சில வீடுகளில் மட்டும் பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். மலேரியாவும் மற்றக் காய்ச்சல்களும் தனி. வொலே சோயிங்கா, ஜே. பி. கிளார்க் என்ற இரண்டு நைஜீரியக் கவிஞர்களுமே அபிகு என்ற தலைப்பில் கவிதை எழுதியிருக்கிறார்கள். அந்தக் குழந்தையையே கதைசொல்லியாக வைத்து எழுதிய பென் ஓக்ரியின் நாவல் 1991இல் புக்கர் பரிசு பெற்றது.

பெரியம்மைக்கு ஷொபொனா என்று ஒரு தெய்வம். பெயரைச் சொல்லவே பயந்து 'உலகத்தின் அரசன்' என்று சுற்றி வளைத்துச் சொல்வார்கள். அம்மையில் ஒருவர் இறந்தால் வீட்டார் அழக் கூடாது, நன்றி சொல்ல வேண்டும். இறந்தவரின் உடைமைகள் பூசாரிகளுக்குப் போகும். இதில் சுரண்டல் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அரசு இந்த வழிபாட்டைத் தடை செய்தது. நைஜீரியாவில் பெரியம்மையின் கடைசி நோயாளி பதிவானது 1970இல். நோய் போன பிறகும் தெய்வம் இருக்கிறது, வேறு நோய்களுக்கு.

மனிதருக்குள்ளேயே தீங்கு செய்யும் ஆற்றல் உண்டு என்ற நம்பிக்கையும் இருந்தது. அதுதான் அஜே. சூனியக்காரி என்று மொழிபெயர்ப்பது வழக்கம், ஆனால் அது முழுதாகப் பொருந்தாது. இரவில் பறவையாகப் பறந்து பிறர் உயிரை உறிஞ்சும் பெண்கள் என்று அஞ்சினார்கள். அதே பெண்களை 'எங்கள் தாய்மார்கள்' என்று மரியாதையாகவும் அழைத்தார்கள். பிறப்பைத் தரும் ஆற்றலே அழிவையும் தரும் என்ற எண்ணம். கெட்டு போன்ற மேற்கு யொருபா ஊர்களில் கெலெடே என்ற முகமூடித் திருவிழாவே இந்தத் தாய்மார்களை மகிழ்விப்பதற்குத்தான். ஆண்கள் பெண் வேடமிட்டு ஆடுவார்கள், கேலியும் புகழ்ச்சியுமாகப் பாடுவார்கள். யுனெஸ்கோ 2001இல் இந்த விழாவை மானுடத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. பயப்படும் ஒன்றை ஆடிப் பாடிச் சிரிக்க வைத்து அனுப்புவது! எஷுவுக்கு எண்ணெய் ஊற்றுவதும் இதுவும் ஒரே புத்திதான்.

இந்த உலகத்துக்குள்தான் அஜாயி பிறந்தார். ஒசோகுன் என்ற ஊரில், 1809 வாக்கில். 1821இல் அடிமை பிடிக்கும் படை ஊருக்குள் புகுந்தது. தாய், சகோதரிகளோடு அவரையும் கழுத்தில் கயிறு கட்டி இழுத்துப் போனார்கள். ஒரு குதிரைக்கு மாற்றாக விற்றார்கள். கை மாறிக் கை மாறிப் போனபோது இடுப்புத் துணியால் கழுத்தை நெரித்துச் சாக நினைத்ததையும், துணிவு வராமல் போனதையும் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். 1822இல் அவரை ஏற்றிய போர்ச்சுகீசியக் கப்பலை பிரிட்டிஷ் கடற்படை மறித்துப் பிடித்து, அடிமைகளை சியரா லியோனில் இறக்கி விடுதலை செய்தது. அங்கே படித்தார். 1825இல் ஞானஸ்நானம் பெற்று சாமுவேல் அஜாயி குரௌத்தர் ஆனார். 1843இல் குருப்பட்டம். 1864இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்க ஆயர். இடையில் 1846இல், இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, அபெயோகுட்டாவில் தாயைக் கண்டுபிடித்தார். இருவரும் பேச வராமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே நின்றார்களாம்.

அஜோகுன்களின் பட்டியலில் இழப்பு, சிறை இரண்டையும் உடம்பால் அறிந்த மனிதர் அவர். அவர்தான் 1843இல் யொருபா மொழிச் சொற்தொகுதியை வெளியிட்டார். விவிலியத்தை யொருபாவில் கொண்டுவரும் வேலைக்கும் தலைமை வகித்தார். முழு விவிலியம் 1884இல் முடிந்தது. அந்த வேலையில் பல இடங்களில் மிக நுட்பமாக யோசித்திருக்கிறார். கடவுளுக்கு 'விண்ணின் உரிமையாளர்' என்று பொருள்படும் ஓலோருன் என்ற பழைய யொருபாப் பெயரையே வைத்தார். குருவுக்கு அலுஃபா, தீர்க்கதரிசிக்கு வோலி, ஜெபத்துக்கு அதுரா என்று முஸ்லிம்கள் வழியாக வந்து ஊரில் புழங்கிய சொற்களை எடுத்துக்கொண்டார். சாத்தான் என்ற பெயரை 'சத்தானி' என்று ஒலிபெயர்த்தும் வைத்தார்கள். ஆனால் பிசாசு என்று வரும் இடங்களில்? சொற்தொகுதியிலேயே முடிவாகியிருந்தது: எஷு.

ஏன் எஷு? குறும்பன், சண்டை மூட்டுபவன், எல்லோரும் கொஞ்சம் பயப்படும் ஒருவன். பின்னால் வளைந்து நீண்ட கூந்தலோடு செதுக்கிய அவன் சிலைகளைப் பார்த்த ஐரோப்பியர்களுக்கும் வேறு எதுவும் தோன்றியிருக்காது. பிசாசு இல்லாத ஒரு சமயத்தில் பிசாசுக்குச் சொல் தேடினால், இருப்பவர்களில் யாராவது ஒருவர் அந்த வேலையை ஏற்றாக வேண்டுமே.

அந்த ஒரு சொல்லின் விளைவு சின்னதல்ல. எல்லாப் பலியையும் கொண்டு சேர்ப்பவன் எஷு என்று மேலே பார்த்தோம். தபால்காரன் பிசாசு என்று ஆகிவிட்டால், அவன் பையில் இருக்கும் கடிதங்கள் எல்லாமே பிசாசின் கடிதங்கள்தானே? யாருக்கு எழுதியது என்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு தெய்வத்தை மட்டும் அல்ல, பழைய வழிபாடு முழுவதையும் ஒரே சொல்லில் மறுபக்கம் தள்ளியது அந்த மொழிபெயர்ப்பு. எஷு என்று தொடங்கிய குடும்பப் பெயர்களைப் பலர் மாற்றிக்கொண்டார்கள். எஷுபியி என்ற பெயர் ஜேசுபியி ஆயிற்று. பாட்டனின் நன்றிக்கடன் பேரனுக்கு அவமானம் ஆகிவிட்டது.

ஆனால் நோயும் சாவும் பெயரை மாற்றிக்கொள்ளவில்லையே. மதம் மாறியவர்களுக்கும் பிள்ளைகள் இறந்தன. அப்போது 'யார் மூலம் வந்தது, என்ன செய்யலாம்' என்ற பழைய கேள்விக்கு மிஷன் தேவாலயத்தில் தெளிவான பதில் கிடைக்கவில்லை. 1918 இன்ஃபுளுயன்சா கொள்ளைநோயின் போது தொடங்கிய ஜெபக் குழுக்களிலிருந்தும், சாலை உருளை ஓட்டிக்கொண்டிருந்த ஜோசப் பாபலோலா 1930இல் இலேஷாவில் நடத்திய எழுப்புதல் கூட்டங்களிலிருந்தும் அலாதுரா சபைகள் வளர்ந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். அலாதுரா என்றால் ஜெபிப்பவர்கள். தரிசனம், மந்திரித்த நீர், உபவாசம் என்று அங்கே கேள்விக்குப் பதில் உண்டு. ஆனால் பேரம் இல்லை. எதிரியை விரட்டுவது மட்டுமே உண்டு.

விரட்டுவது எங்கே போய் முடியும் என்பதை 1950-51இல் மேற்கு யொருபா ஊர்கள் பார்த்தன. கோல்ட் கோஸ்டில் (இன்றைய கானா) தோன்றி, தஹோமி வழியாக வந்தது அட்டிங்கா என்ற சூனிய ஒழிப்பு இயக்கம். அது கிறிஸ்தவ இயக்கம் அல்ல. அந்தப் பழியை மிஷனரிகள் மீது போடுவது நியாயமாகாது. ஊர் ஊராகக் கூட்டம் வரும், மேளம் அடிக்கும், ஆட்டத்தில் சாமியாடும் இளைஞர்கள் கூட்டத்திலிருந்து பெண்களைச் சுட்டிக் காட்டுவார்கள். பெரும்பாலும் வயதான பெண்கள். ஒப்புக்கொள்ள வேண்டும், அபராதம் கட்ட வேண்டும். மறுத்தால் ஒரு கோழியை அறுத்து, அது எப்படி விழுந்து சாகிறது என்று பார்த்துத் தீர்ப்பு. ஒரிஷாக் கோயில்களையும் உடைத்தார்கள். 1951இல் அரசு தடை விதிக்கும் வரை நடந்தது. நேரில் ஆராய்ந்த பீட்டர் மார்ட்டன்-வில்லியம்ஸ் 1956இல் இதைப் பற்றி எழுதினார். போருக்குப் பின் கோக்கோ விலை ஏறி ஊரில் பணம் புரண்ட நேரம் அது; சந்தையில் வியாபாரம் செய்து காசு பார்த்த பெண்கள் மீது மற்றவர்களுக்கு இருந்த எரிச்சலும் இதில் கலந்திருந்தது என்று பிற்கால ஆய்வாளர் ஆண்ட்ரூ ஆப்டர் வாதிடுகிறார். யொருபாவில் ஒலியைச் சற்று மாற்றினால் அஜே என்பதற்குச் செல்வம் என்றும் பொருள் வரும். கெலெடேயில் ஆடிப் பாடி அனுப்பி வைத்த தாய்மார்களை இப்போது வரிசையில் நிறுத்தி அபராதம் கேட்டார்கள்.

எஷுவுக்கு ஆதரவான குரல் பிறகு வந்தது, அதுவும் தேவாலயத்துக்குள்ளிருந்தே. மெதடிஸ்ட் குருவான போலாஜி இடோவு 1962இல் வெளியிட்ட ஓலொடுமாரே பற்றிய நூலில், புதிய ஏற்பாட்டின் பிசாசு அல்ல எஷு என்று எழுதினார். வேண்டுமானால் யோபு ஆகமத்தில் கடவுளின் சபையிலேயே உட்கார்ந்திருக்கும் அந்தச் சோதனைக்காரனோடு ஒப்பிடலாம் என்றார். 2010களில் 'எஷு சாத்தான் அல்ல' என்ற வாசகத்தோடு இளைஞர்கள் இணையத்தில் இறங்கினார்கள். கூகுள் மொழிபெயர்ப்பில் எஷு என்று இட்டால் பிசாசு என்று வந்ததும் அவர்களுடைய புகார்களில் ஒன்று.

கப்பலில் போன எஷுவுக்கு வேறு விதமாக நடந்தது. குரௌத்தரைப் போல் நடுவழியில் மீட்கப்படாமல் கடல் கடந்து போய்ச் சேர்ந்த யொருபா அடிமைகள், பிரேசிலுக்கும் கியூபாவுக்கும் அவனைக் கொண்டு போனார்கள். பிரேசிலில் அவன் எஷு என்ற பெயரோடேயே இருக்கிறான். அங்கேயும் கத்தோலிக்கர்கள் அவனைப் பிசாசு என்றார்கள், சிலைகளுக்குக் கொம்பும் முளைத்தது. கியூபாவில் எலெகுவா என்று பெயர். அங்கே அவனுக்குக் கிடைத்த கிறிஸ்தவ வேடம் அத்தோச்சாவின் குழந்தை இயேசு. ஹவானாவின் பல வீடுகளில் கதவுக்குப் பின்னால், தரையில், சிமெண்டில் பிடித்த ஒரு சின்னத் தலை இருக்கும். கண்ணும் வாயும் சோழி. பக்கத்தில் மிட்டாயும் விளையாட்டுச் சாமான்களும் வைத்திருப்பார்கள், வெளியே கிளம்பும்போது வழியைத் திறந்து விடுவதற்காக.